பயணத் திகதி திடீரென வந்தால் கைத்தொலைபேசியை என்ன செய்வது?

குடும்ப ஒன்றிணைவு விசாவிலோ மீள்குடியமர்வுத் திட்டம் ஒன்றின் கீழோ வெளிநாடு செல்பவர்களுக்கு அனுமதி கிடைக்க வருடக்கணக்காகும். பயணத் திகதி மட்டும் திடீரென்று வரும். சிலருக்கு ஒரு கிழமை இருக்கும், சிலருக்கு மூன்று நாள்தான். குருநகரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஓர் இரவுப் பயணம் என்பதால் அதிலும் ஒரு நாள் குறைந்துவிடும். அந்த அவசரத்தில் பல குடும்பங்கள் முதலில் ஓடுவது கஸ்தூரியார் வீதிக்கோ ஸ்ரான்லி வீதிக்கோ, புதுப் போன் வாங்க.

போன் வாங்குவதில் பிழையில்லை. ஆனால் அது முதல் வேலை அல்ல. முதலில் உங்கள் இப்போதைய இலக்கத்தைக் காப்பாற்ற வேண்டும். அடுத்தது, கையில் உள்ள போன் போகிற நாட்டில் வேலை செய்யுமா என்று பார்ப்பது. இரண்டுக்கும் பிறகுதான் கடை.

இலக்கத்தை மாற்ற வேண்டாம்

தூதரகத்திடமும் பயணத்தை ஒழுங்கு செய்யும் அமைப்பிடமும் (பலருக்கு அது ஐ.ஓ.எம். எனப்படும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நீங்கள் கொடுத்த இலக்கம்தான் உங்கள் கோப்பில் இருக்கிறது. பறப்பு மாறினாலும், மருத்துவப் பரிசோதனைக்கு மீண்டும் வரச் சொன்னாலும் அந்த இலக்கத்துக்குத்தான் அழைப்பார்கள். புதுப் போனோடு புது சிம்மும் எடுத்து, பழையதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டால், ‘பறப்பு ஒரு நாள் முந்திவிட்டது’ என்ற அழைப்பு மண்டைதீவுக் கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் தம்பிக்குத்தான் போய்ச் சேரும். விமானம் ஏறும் வரை பழைய இலக்கம் உங்கள் கையில், சார்ஜ் உள்ள போனில் இருக்கட்டும்.

ஏறிய பிறகும் அந்த இலக்கம் தேவை. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. குறியீடு, வட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் அதோடுதான் பிணைந்திருக்கின்றன. நீண்ட காலம் ரீலோட் செய்யாத முற்கொடுப்பனவு இணைப்பை நிறுவனம் துண்டித்துவிடும். பின்னர் அதே இலக்கம் வேறொருவருக்கு விற்கப்படலாம். அப்போது உங்கள் வங்கியின் குறியீடு முன்பின் தெரியாத ஒருவரின் போனில் வந்து விழும்.

ஆகவே யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும் முன் உங்கள் நிறுவனத்தின் கிளைக்கு ஒரு தடவை நேரில் போய்வாருங்கள். அங்கே மூன்று விடயம் கேட்க வேண்டும்: இந்த இணைப்பு எத்தனை நாளைக்கு ஒரு தடவை ரீலோட் செய்தால் உயிரோடு இருக்கும், ரோமிங் இப்போதே திறந்துவிட முடியுமா, வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் உண்டா. ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வரும் அழைப்புக்கு உண்டு, டேட்டாவுக்கு மிக அதிகம். எனவே சிம்மில் ரோமிங் திறந்திருக்க வேண்டும், போனின் அமைப்பில் ‘டேட்டா ரோமிங்’ மூடியிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் முதல் நாளே மீதியை எல்லாம் இழப்பவர்கள் உண்டு.

நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. எமது அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான்: சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? குருநகரில் பல பெண்களின் சிம் கணவரின் அல்லது தகப்பனின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது. போன் தொலைந்தால் மாற்றுச் சிம் பதிவாளருக்கு மட்டுமே கிடைக்கும், அதுவும் அவருடைய தேசிய அடையாள அட்டையோடு. ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. பதிவாளர் ஊரில் இருந்தால் இருவரும் சேர்ந்து போய்ப் பெயரை மாற்றுங்கள். பதிவாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழையும், காணாமற்போனவராக இருந்தால் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் கீழ் பெற்ற காணாமற்போனமைச் சான்றிதழையும் எடுத்துச் சென்று கேளுங்கள். அந்தப் பத்திரத்தை இதற்காகவும் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எமக்குப் புரிகிறது. ஆனால் இந்த வேலையை ஊரில் இருக்கும்போதுதான் முடிக்கலாம்.

மறுபக்கம், உங்கள் பெயரில் உள்ள சிம்மை ஊரில் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த இலக்கத்திலிருந்து நடப்பது எல்லாம் சட்டப்படி உங்கள் பெயரில்தான் நடக்கும். அம்மாவுக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்றாலும் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

இந்தப் போன் அங்கே பேசுமா?

இங்கே வேலை செய்யும் போன் எல்லா நாட்டிலும் வேலை செய்யாது. காரணம் எளிது. ஒவ்வொரு நாட்டிலும் கோபுரங்கள் வேறு வேறு அலைவரிசைகளில் பேசுகின்றன. போனுக்கு அந்த அலைவரிசை கேட்காவிட்டால் சிம் நல்லதாக இருந்தும் பயனில்லை.

முதலில் பட்டன் போன். அப்பு, அம்மம்மா கைகளில் இருப்பது பெரும்பாலும் 2ஜி போன். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் 2ஜி 900, 1800 மெகாஹேர்ட்ஸில் இயங்குகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அது 850, 1900. எனவே இங்கே வாங்கும் மலிவான பட்டன் போன் பல கனடாவில் வெறும் கடிகாரம்தான். அவுஸ்திரேலியாவில் 2ஜியே இல்லை. 3ஜியையும் டெல்ஸ்ட்ரா, ஒப்டஸ் நிறுவனங்கள் 2024 ஒக்டோபர் 28இல் மூடிவிட்டன. சுவிற்சர்லாந்தில் சுவிஸ்கொம் 2021இல் 2ஜியை நிறுத்திவிட்டது. பிரான்ஸிலும் 2ஜியை மூடப்போவதாக நிறுவனங்கள் அறிவித்துவிட்டன. பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் பட்டன் போன் இன்னும் சில வருடங்களுக்குப் பேசும். வயதானவருக்குப் பழகிய போனே வேண்டுமென்றால் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்மார்ட்போனிலும் கவனிக்க வேண்டியது உண்டு. 4ஜியில் இலங்கை பெரிதும் நம்பியிருப்பது 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது பாண்ட் 3. அது ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரவலாக இருக்கிறது. வட அமெரிக்காவில் வேறு: 2, 4, 12, 13, 66 போன்ற பாண்டுகள். ஆசியச் சந்தைக்கென வரும் மலிவான போன்களில் இவற்றில் சில இருக்காது. நகரத்தில் எடுக்கும், வீட்டுக்குள்ளும் நிலக்கீழ் அறையிலும் எடுக்காது. புதிதாகப் போகும் எம்மவர் பலர் வாடகைக்கு இருப்பது அந்த நிலக்கீழ் அறைகளில்தான்.

இன்னொன்று வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுப்பது. 2ஜியும் 3ஜியும் மூடப்பட்ட நாட்டில் வோல்டிஇ இல்லாத போனில் இன்டர்நெட் வரும், சாதாரண அழைப்பு எடுபடாது. அவுஸ்திரேலியாவில் 000 அவசர அழைப்பை இப்படி எடுக்க முடியாத போன்களை வலையமைப்பில் சேர்க்கவே கூடாது என்று 2024 இறுதியிலிருந்து விதி இருக்கிறது. அமெரிக்காவில் ஏரி அன்ட் ரி நிறுவனம் தான் ஏற்கும் போன்களுக்கென ஒரு பட்டியலே வைத்திருக்கிறது.

இதையெல்லாம் நீங்கள் படித்துத் தேர்ச்சி பெற வேண்டியதில்லை. போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதையும் போனின் மாதிரி எண்ணையும் எழுதி, அங்கே இருக்கும் உறவினருக்கு அனுப்புங்கள். அந்த நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் பலவற்றின் இணையத்தளத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும் வசதி உண்டு. ஐந்து நிமிட வேலை, புதுப் போன் வேண்டுமா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உறவினர் அனுப்பும் போன்

‘அங்கே வாங்காதே, இங்கேயிருந்து அனுப்புகிறேன்’ என்று அண்ணா சொல்வார். அங்கே வேலை செய்வது உறுதி என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு சிக்கல்கள் வரலாம்.

ஒன்று, அது ஒரே நிறுவனத்துக்கு லொக் செய்யப்பட்ட போனாக இருக்கலாம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதலும், பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் லொக் செய்த போன் விற்பது தடை. ஆகவே அதற்குப் பின் அங்கே கடையில் வாங்கியதில் பிரச்சினை குறைவு. பழையதிலும் அமெரிக்காவிலிருந்து வருவதிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் மாதிரியிலிருந்து (2022) சிம் போடும் துளையே இல்லை. உங்கள் இலங்கைச் சிம்மை அதில் போட முடியாது, நிறுவனத்திடம் சொல்லி இ-சிம்மாக மாற்ற வேண்டும். மூன்று நாளில் பயணம் என்றால் இது தேவையில்லாத தலையிடி.

மற்றது, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவு. அனுமதி பெறாத போன்கள் 2025 ஜனவரி இறுதிக்குப் பின் உள்ளூர் வலையமைப்புகளில் புதிதாக இணைக்கப்படமாட்டா என்று ஆணைக்குழு அறிவித்தது. ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்பினால் பதில் வரும். இங்கே கடையில் வாங்கும்போதும், குறிப்பாகப் பாவித்த போன் வாங்கும்போதும், காசு கொடுக்க முன் இதைச் செய்யுங்கள்.

பாவித்த போனுக்கு இன்னொரு சோதனை. விற்பவர் உங்கள் கண் முன்னால் போனை முழுதாக அழித்து, மீண்டும் தொடக்கி, உங்கள் கணக்கைப் போட்டுத் தர வேண்டும். பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கு உள்ளே இருந்தால் போன் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். அப்போது கஸ்தூரியார் வீதிக் கடை ஒன்பதாயிரம் கிலோமீற்றர் தொலைவில் இருக்கும்.

உள்ளே இருப்பவை

யாழ்ப்பாணத்தில் பலருடைய ஜிமெயில் கணக்கு, போன் வாங்கிய அன்று கடைத் தம்பி போட்டுத் தந்தது. கடவுச்சொல் அவருக்கும் ஞாபகமில்லை, உங்களுக்கும் தெரியாது. போன் வேலை செய்யும் வரை இது வெளியே தெரியாது. போன் மாறும் அன்றுதான் தொடர்பு இலக்கங்களும் படங்களும் வட்ஸ்அப் உரையாடல்களும் அந்தக் கணக்குக்குள் அகப்பட்டுக் கிடப்பது தெரியவரும். பழைய போன் கையில் இருக்கும்போதே, பழைய சிம்முக்குக் குறியீடு வரும்போதே கடவுச்சொல்லை மாற்றிக் காகிதத்தில் எழுதுங்கள். மீட்பு இலக்கமாக நம்பிக்கையான ஒருவரின் இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அதன் பிறகு வட்ஸ்அப்பில் காப்புப் பிரதி எடுங்கள். முடிந்தால் படங்களை மெமரி காட்டிலும் போட்டு வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். திரும்ப எடுக்க முடியாதவை போனில் இருக்கும்: போனவரின் குரல் பதிவு, காணாமற்போன மகனின் ஒரே படம். ஒரு கோப்பையில் தேநீர் கொட்டினால் போகக்கூடிய இடத்தில் அவற்றை மட்டும் வைத்திருக்கக் கூடாது.

கடவுச்சீட்டு, விசாப் பக்கம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைப் படமெடுத்துப் போனிலும் உறவினரின் வட்ஸ்அப்பிலும் வையுங்கள். எல்லையில் அதிகாரிகள் போனைப் பார்க்கக் கேட்கலாம், கனடாவில் எல்லைச் சேவை அதிகாரிகளுக்கு அந்த அதிகாரம் உண்டு. அதற்குப் பயந்து குடும்பப் படங்களையும் செய்திகளையும் அவசரமாக அழிக்காதீர்கள். குடும்ப உறவை நிரூபிக்கப் பின்னர் அவையே கேட்கப்படலாம்.

இலக்கங்களைச் சேமிக்கும் விதத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். 077, 021 என்று சேமித்தவை வெளிநாட்டில் எடுபடா. முதல் பூச்சியத்தை நீக்கி +94 சேர்க்க வேண்டும்: +94 77, +94 21 என்றவாறு. போகும் நாட்டு இலக்கத்துக்கும் அப்படியே. கனடா +1, பிரித்தானியா +44, பிரான்ஸ் +33, சுவிஸ் +41, ஜேர்மனி +49, நோர்வே +47, அவுஸ்திரேலியா +61.

முக்கியமான நான்கைந்து இலக்கங்களைக் காகிதத்தில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். குடாநாட்டுக்குக் கைத்தொலைபேசி வந்ததே 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் கொமினிகேஷன் கடையில் அழைப்புக்காகக் காத்திருந்தவர்களிடம் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. அந்தக் கொப்பிக்குச் சார்ஜ் தேவைப்படவில்லை. பிள்ளை தனியாகப் பயணம் செய்தால் பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

வழியில்

பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வட்-மணித்தியாலம் வரை பொதுவாக அனுமதி. கடையில் 20,000 என்று விற்பது ஏறக்குறைய 74, ஆகவே பிரச்சினையில்லை. எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் 1 முதல் பறக்கும்போது அதைப் பாவிக்கவும் தடை செய்திருக்கிறது. எனவே போனை நிலையத்திலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு ஏறுங்கள்.

டோஹாவிலும் டுபாயிலும் விமான நிலைய வைஃபை இலவசம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பு எடுபடாது. எழுத்தும் குரல் பதிவும் போகும். இது தெரியாததால், ‘டுபாயில் இறங்கியதும் எடுக்கிறேன்’ என்று சொல்லிப் போனவரிடமிருந்து அழைப்பு வராமல் வீட்டில் எல்லோரும் இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள். ‘இறங்கியதும் செய்தி போடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். பலாலியிலிருந்து சென்னை வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: இந்திய விமான நிலையங்களில் வைஃபைக்கு வழமையாகக் கைத்தொலைபேசிக்குக் குறியீடு வர வேண்டும். ரோமிங் திறந்த சிம் அங்கேயும் உதவும்.

இறங்கிய பிறகு

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் நல்லது. ஒன்றில் அந்த நாட்டுச் சிம் டேட்டாவோடு, மற்றதில் உங்கள் இலங்கைச் சிம் குறுஞ்செய்திக்கு மட்டும்.

இறங்கிய உடனேயே இணைப்பு வேண்டுமென்றால் பயண இ-சிம் ஒரு வழி. இதற்கு இ-சிம் ஏற்கும் போன் வேண்டும். பணம் கட்ட வங்கி அட்டை தேவை என்பதால் உறவினர் அங்கிருந்தே வாங்கிக் கியூஆர் குறியை அனுப்பலாம். குறியை இன்னொருவரின் திரையில் திறந்து உங்கள் போனால் படமெடுக்க வேண்டும், அல்லது அச்சிட்டு எடுக்க வேண்டும். வைஃபை உள்ள இடத்தில், புறப்படும் முன் பதிந்துவிடுங்கள். பதிந்ததைப் பிறகு அழித்துவிட்டால் பெரும்பாலும் மீண்டும் பதிய முடியாது. இதில் பெரும்பாலும் டேட்டா மட்டுமே உண்டு, அழைப்பு இலக்கம் வராது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

நிரந்தரச் சிம்முக்கு அவசரப்பட வேண்டாம். ஜேர்மனியில் 2017 ஜூலை முதல் முற்கொடுப்பனவுச் சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்புக் கட்டாயம். சுவிஸிலும் பதிவு வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் தற்காலிகப் பயணப் பத்திரத்தில் போனவர்களுக்குக் கடைகள் மறுப்பதுண்டு. அப்போது உறவினர் தன் பெயரில் எடுத்துத் தர முன்வருவார். சில நாட்களுக்கு அது உதவும். ஆனால் அலுவலகங்களுக்கும் வங்கிக்கும் கொடுக்கும் இலக்கம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஊரில் சிம் பதிவைப் பற்றிச் சொன்னது அங்கேயும் பொருந்தும். தமிழ்க் கடைகளில் விற்கும் லெபாரா (2001), லைக்காமொபைல் (2006) ஆகியவை ஈழத் தமிழர் தொடங்கிய நிறுவனங்கள் என்பதால் பலர் நம்பி எடுக்கிறார்கள். அவற்றுக்குச் சொந்தக் கோபுரம் இல்லை, வேறு நிறுவனத்தின் கோபுரத்தை வாடகைக்குப் பாவிக்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் அந்தக் கோபுரம் எடுக்குமா என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் போதும்.

சார்ஜரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் போடலாம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. செருகியின் வடிவம் மாறும். பிரித்தானியாவில் எமது சதுர மூன்று முள் செருகி அப்படியே பொருந்தும்.

அவசர இலக்கங்களை விமானத்திலேயே மனப்பாடம் செய்யலாம். ஐரோப்பா எங்கும் 112, பிரித்தானியாவில் 999உம் உண்டு, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, அவுஸ்திரேலியாவில் 000. எமது 119உம் 1990உம் அங்கே எடுபடா. சிம் இல்லாமலும் அவசர அழைப்பு போகும் என்று எல்லா இடத்திலும் நம்ப வேண்டாம், ஜேர்மனியில் அது போகாது.

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் புதுப் போனை விட்டுவிடுங்கள். காலையில் நிறுவனக் கிளைக்குப் போய் சிம் பதிவையும் ரோமிங்கையும் பாருங்கள். மத்தியானம் ஜிமெயில் கடவுச்சொல்லையும் வட்ஸ்அப் காப்புப் பிரதியையும் முடியுங்கள். மாலையில் இலக்கங்களைக் காகிதத்தில் எழுதுங்கள். வட்ஸ்அப்பைப் பழைய இலக்கத்திலேயே வைத்திருங்கள். வைஃபை இருந்தால் பெரும்பாலான நாடுகளில் அது அப்படியே வேலை செய்யும். அங்கே உங்கள் பெயரில் நிரந்தர இலக்கம் கிடைத்த பிறகு, வட்ஸ்அப் அமைப்பில் உள்ள ‘இலக்கத்தை மாற்று’ வழியாக மாற்றினால் உரையாடல்களும் குழுக்களும் கூடவே வரும்.